ஒண்ணுன்னா ஒண்ணுமில்ல

போன மாதம் செண்பகா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள் தூத்துக்குடி அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருந்தவள். இப்போது சென்னையில் பயிற்சிப் பிரிவில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள்.

"சார், தூங்குற கருவியை முழுசா எழுப்பாமலே அதுக்குச் சின்னத் தகவல் அனுப்புற முறை இப்ப நெட்வொர்க்லயே முறைப்படி வருது. நாம அன்னைக்குத் துறைமுகத்துல முட்டி மோதிச் செஞ்சோம்லா, அதேதான். புதுசா சேர்ந்தவங்களுக்கு ஒரு புத்தகம் போடுதோம். உங்க அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. நம்ம வெற்றிக் கதை சார் அது."

எழுதித் தருகிறேன் என்றேன். வெற்றிக் கதை என்ற சொல் மீன் முள் மாதிரி உறுத்தியது. அவள் கேட்ட இரண்டு பக்கத்தை எழுதுவது சுலபம். அதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. முழுவதையும் எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் உடன்குடிப் பக்கத்து மளிகைக் கடைக்காரர் மகன். பாலிடெக்னிக் முடித்ததும் தொலைத்தொடர்பு வேலையில் சேர்ந்தேன். ஆரம்பத்தில் கம்பத்தில் ஏறிக் கம்பி இழுத்தேன். பிறகு கேபிள் குழிக்குள் இறங்கினேன். பிறகு டவர் வந்தது, டவரிலும் ஏறினேன். தூத்துக்குடியில் டவர் வேலை என்றால் பாதி வேலை உப்போடுதான். பூட்டிய பெட்டிக்குள்ளேயும் உப்புக் காற்று போய்விடும், செம்பு பச்சையாகப் பூத்துவிடும். வருடக்கணக்கில் அதைச் சுரண்டிச் சுரண்டியே மேலே வந்து, கடைசியில் ஏசி அறையில் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அந்த அறையில்தான் படகுப் பெட்டி வேலை வந்தது. சங்கு குளிக்கப் போகும் வள்ளங்களுக்கும் கரையோரம் மீன் பிடிக்கும் நாட்டுப் படகுகளுக்கும் ஒரு சின்னப் பெட்டி கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். திடீர்க் காற்று வரப்போகிறது என்றால், கரையிலிருந்து ஒரு தகவல் போக வேண்டும், பெட்டியில் சிவப்பு விளக்கு மின்ன வேண்டும். சத்தம் எழுப்பும் பெட்டி இவர்களுக்குப் பயன்படாது. சங்கு குளிக்கிறவர் கடலடியில் இருப்பார். அவருக்கு மேலேயிருந்து ஓஸ் குழாய் வழியாகக் காற்று போகும். வள்ளத்தில் கம்ப்ரசர் போடும் இரைச்சலில் இடி இடித்தாலும் கேட்காது.

பெட்டியின் பேட்டரி ஒரு பருவம் முழுக்கத் தாங்க வேண்டும். அதனால் பெட்டி எந்நேரமும் தூங்கிக்கொண்டிருக்கும். இடையிடையே ஒரு கணம் காது கொடுத்துக் கேட்கும், யாரும் கூப்பிடவில்லை என்றால் மறுபடி தூங்கிவிடும். சிக்கல் அங்கேதான் இருந்தது. தூங்குகிற கருவிக்கு ஒரு தகவல் கொடுக்க நெட்வொர்க் செய்யும் சடங்குகள் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் டவர் கூப்பிடும். கருவி எழுந்து, பேச இடம் கேட்கும். டவர் இடம் கொடுக்கும். நீ யார் என்று கேட்கும். அது பேர் சொல்லும். பூட்டு சாவி மாற்றிக்கொள்வார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் தகவல் போகும். தகவலோ ஒரே ஒரு எழுத்து. ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்ப லாரி பிடித்த மாதிரி.

ஒரு பெட்டி என்றால் இது பெரிதாகத் தெரியாது. காற்று எச்சரிக்கை என்றால் எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் கூப்பிட வேண்டும். அத்தனையும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இடம் கேட்கும். ஒன்றின் குரலில் மற்றொன்று அமுங்கிப்போகும். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கும், மறுபடி அமுங்கும். முதல் சோதனையில் சில பெட்டிகளுக்குத் தகவல் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் காற்று வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடும்.

எங்கள் தலைமைப் பொறியாளர் சிவசைலம் சார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். மெலிந்த ஆள், உரக்கப் பேசிக் கேட்டதில்லை. பேனாவே வைத்துக்கொள்ள மாட்டார், பென்சில்தான். அதையும் பிளேடால் சீவுவார், சீவலை மேசையில் விழ விடாமல் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக் கூடையில் போடுவார். எந்த ரிப்போர்ட்டையும் உட்கார்ந்து படித்ததில்லை. துறைமுகத்து கிரேன்கள் தெரியும் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, பென்சில் முனையை வரிக்கு வரி நகர்த்திப் படிப்பார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் சின்னதாக எழுதுவார். வெளிவேலைக்குப் போய்வந்த யாரிடமும் மூன்று கேள்வி கேட்பார்.

"என்னவே பாத்தீரு? யாரு சொன்னா? எழுதாம விட்டது என்ன?"

மூன்றாவது கேள்விக்குத்தான் நாங்கள் பயப்படுவோம். எதையாவது விட்டிருப்போம், அது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். பதில் சொன்ன பிறகு திட்ட மாட்டார். "சரி, அதையும் எழுதும்" என்பார், அவ்வளவுதான். பல வருடம் அவரிடம் வேலை பார்த்ததில் நான் கற்ற தொழில் ஒழுங்கு முழுவதும் அந்த மூன்று கேள்விதான்.

முக்கால் மணி நேரக் கணக்கைப் பார்த்துவிட்டு அவர், "இங்கன உக்காந்து என்ன செய்யப் போறீரு? கடற்கரையில போயி நில்லும்" என்றார். சிக்னல் எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்கும் சாக்கில் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனேன்.

ஏற்றி வைத்த வள்ளத்தின் நிழலில் ஒரு பெண் உட்கார்ந்து, வளைந்த கம்பியால் சங்கிலிருந்து சதையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சோதனைப் போனை உயர்த்திப் பிடித்து நடப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், அரை மணி நேரமா வானத்துக்குப் போனைக் காட்டிக்கிட்டு நிக்கிய? சிக்னல் இல்லையோ?"

"இருக்கும்மா. கடலுக்குள்ள எம்புட்டு தூரம் போகுதுன்னு பாக்கேன்."

"எங்க வீட்டுக்காரவுக குளிக்கிற இடம் வரைக்கும் போகுது. இந்தா பாருங்க." கையை முந்தானையில் துடைத்துவிட்டு, மடியிலிருந்து பட்டன் போன் ஒன்றை எடுத்து அமுக்கினார். ஒரு ரிங் போனதும் கட் செய்துவிட்டார்.

"எடுக்கலையே."

"எடுக்க மாட்டாங்க சார். எப்படி எடுப்பாங்க? அவுக தண்ணிக்குள்ள. எங்கண்ணன் மேல ஓஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். கைய விட முடியாதுல்லா. போன் லைட்டு மின்னுறத வச்சு ரிங்கு எத்தனைன்னு மட்டும் பாத்துக்கிடும்."

"எத்தனைன்னா?"

"ஒண்ணுன்னா ஒண்ணுமில்ல. வீட்டுல எல்லாம் சொகம், நீங்க வேலையைப் பாருங்கன்னு அர்த்தம். ரெண்டுன்னா கரைக்கு வா. மூணுன்னா ஓஸைக் கட்டி வச்சிட்டு எடுத்துப் பேசு."

அவர் பேர் ரோஸ்லின். வீட்டுக்காரர் சூசை, சங்கு குளிக்கிறவர். ஓஸ் பிடிக்கிற அண்ணன் மிக்கேல். மூன்றையும் என் நோட்டில் எழுதினேன். "ஒன்று: ஒன்றுமில்லை. இரண்டு: கரைக்கு வா. மூன்று: எடுத்துப் பேசு." அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. பெட்டி கொடுத்த பிறகு ஏதாவது கோளாறு என்றால் கூப்பிடுங்கள் என்று என் நம்பரை அவருக்குக் கொடுத்து, அவர் நம்பரையும் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து அலுவலகத்துக்கு ஓடாத குறையாக வந்தேன்.

நாங்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததை அந்தப் பெண் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார். அவர் அழைப்பை இணைக்கவே இல்லை. இணைப்பதற்கு முன்னால் நடக்கும் கூப்பிடுதலிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார். நாங்களும் அதையே செய்யலாம். டவர் கூப்பிடும் அந்தச் சின்ன அழைப்புக்குள்ளேயே எழுத்தை வைத்து அனுப்பிவிட்டால் பெட்டி எழுந்து வந்து இடம் கேட்க வேண்டியதில்லை. படுத்த இடத்திலேயே தகவலை வாங்கிக்கொண்டு, "சேர்ந்தது" என்று ஒரு முனகல் முனகினால் போதும். எல்லாம் ஒன்றாக முனகாமல் ஆளுக்கொரு நேரம் ஒதுக்கிவிடலாம்.

சிவசைலம் சார் கேட்டுவிட்டு வழக்கத்துக்கு மாறாக உட்கார்ந்தார். "யாரு சொன்னா?" என்றார். "ஒரு சங்குக் குளியாள் வீட்டம்மா" என்றேன். "அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார். என் வேலைக்காலத்தில் நான் கேட்ட பெரிய பாராட்டு அது. அன்று எனக்கு நிலை கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரிலிருந்து கருவிக் கம்பெனிக்காரர்கள் வந்து தங்கினார்கள். நானும் செண்பகாவும் அவர்களோடு நான்கு மாதம் உழைத்தோம். விளக்கு எத்தனை தடவை மின்னினால் என்ன அர்த்தம் என்று முடிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. பொறியாளன் மூளையால் யோசித்தேன். ஆடுகிற வள்ளத்தில் நிற்பவன் ஓரக்கண்ணால் ஒரு மின்னல்தான் பார்ப்பான். முக்கியமான செய்திக்கு மூன்று மின்னல் வைத்து அவன் ஒன்றைத்தான் பார்த்தான் என்றால் தப்பாகிவிடும். ஆகவே மிக அவசரமானதற்கு மிகச் சின்னக் குறி என்று வைத்தேன். ஒன்று மின்னினால் உடனே கரைக்குத் திரும்பு. இரண்டு என்றால் கவனமாக இரு. மூன்று என்றால் சும்மா சோதனை. ஒவ்வொரு குறியும் நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பத் திரும்ப வரும்.

ரோஸ்லின் சொன்னது என் நோட்டில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் இருந்தது. அது ஒரு வீட்டுப் பழக்கம், இது ஒரு அமைப்பு என்று நினைத்தேன். அவருடைய யுக்தி எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, அதற்குள் இருந்த அர்த்தம் பெரிதாகத் தெரியவில்லை.

சிவசைலம் சார் அந்தத் தாளை ஜன்னல் பக்கம் நின்று படித்தார். "'சேர்ந்தது'ன்னு திரையில வரும்னு எழுதியிருக்கீரு. யாருக்குவே சேர்ந்துது? பெட்டிக்கா, ஆளுக்கா?"

"பெட்டிக்கு சார். ஆளுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கூட்டம் போட்டும் சொல்லுவோம்."

ஓரத்தில் பென்சிலால் "பெட்டிக்கா, ஆளுக்கா?" என்று எழுதினார். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கூட்டம் போட்டோம். கடற்கரைச் சங்கக் கட்டடத்தில் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, நான்தான் விளக்கினேன். தூக்கம், கூப்பிடுதல், முனகல் என்று நான் சொல்லச் சொல்ல ஒருவர் கண்ணிலும் வெளிச்சம் வரவில்லை. சட்டென்று ஒரு வழி தோன்றியது.

"இதுவும் மிஸ்டு கால் மாதிரிதான். கரையிலிருந்து உங்களுக்கு வர்ற மிஸ்டு கால்னு நெனச்சுக்கோங்க" என்றேன்.

எல்லோர் முகமும் தெளிந்தது. "அப்படிச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். பிறகு குறிகளையும் சொன்னேன், ஸ்டிக்கரையும் காட்டினேன். அதற்குள் அவர்களுக்குப் புரிந்துவிட்டிருந்தது, டீயும் முடிந்திருந்தது. ஸ்டிக்கர் இரண்டே மாதத்தில் வெயிலிலும் உப்பிலும் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. அதையும் நான் ஒரு ஆய்வின்போது பார்த்தேன். புதிதாக அச்சடிக்க எழுதிப் போட்டேன். அது ஏதோ மேசையில் கிடந்தது.

கச்சான் காற்றுக் காலம். கச்சான் மேற்கேயிருந்து அடிக்கும். எங்கள் கரைக்கு அது பொல்லாத காற்று, வள்ளத்தைக் கரையை விட்டு விலக்கி நடுக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஒருநாள் முற்பகல், இன்னும் ஒரு மணி நேரத்தில் பலத்த காற்று என்று தகவல் வந்தது. நானே பொத்தானை அழுத்தினேன். திரையில் வரிசை வரிசையாகப் பச்சை விழுந்தது. சேர்ந்தது, சேர்ந்தது, சேர்ந்தது. பத்து நொடிக்குள் ஒரு பெட்டி பாக்கியில்லை. செண்பகா கைதட்டினாள். முக்கால் மணி நேரம் பிடித்த வேலை பத்து நொடியில் முடிந்தது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? நானும் சிரித்தேன்.

கரையோரம் நின்ற படகுகள் சில ஸ்டிக்கரை நினைவில் வைத்திருந்தன. அவை திரும்புவதைப் பார்த்து மற்றவையும் திரும்பின. சூசையின் வள்ளம் எல்லோரையும் தாண்டி வெளியே, தனியாக நின்றது. அந்த இடத்தில் நல்ல சங்கு கிடைத்திருந்தது. பக்கத்தில் பார்த்துத் திரும்ப ஒரு படகும் இல்லை.

மிக்கேல் விளக்கைப் பார்த்தான். ஒரு தரம் மின்னியது. அப்போது சூசை மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "என்ன மச்சான்?" என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணுதான். ஒண்ணுமில்ல" என்று மிக்கேல் சொல்லியிருக்கிறான். சூசை மறுபடி உள்ளே போனார்.

காற்று வந்தபோது நங்கூரம் நிற்கவில்லை. வள்ளம் இழுத்துக்கொண்டு போக, ஓஸ் சூசையின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டது. மிக்கேல் அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்துவிட்டான். உயிர் இருந்தது. அந்தக் காற்றை எதிர்த்துக் கரை வந்து சேர்வதற்குள் போய்விட்டது.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட ஒரு குழு போட்டார்கள். எச்சரிக்கை போனதா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் பக்க ரிப்போர்ட்டை நான் எழுதினேன். நேரம், பெட்டி எண், பதில் வந்த நொடி எல்லாம் சுத்தமாக இருந்தது. கடைசி வரி: "எச்சரிக்கை சேர்ந்தது. நெட்வொர்க்கில் கோளாறு இல்லை." விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம் சிவசைலம் சார் அதை நின்று படித்தார். வரிக்கு வரி பென்சில் நகர்ந்து கடைசி வரியில் நின்றது.

"எழுதாம விட்டது என்ன?"

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

சொல்லும்போதே அந்தச் சொல் எனக்கு உறைத்தது. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் கிரேனைப் பார்த்தேன். தாளை மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை குழுவின் முன்னால் மிக்கேல் நின்றான். நாற்பத்தைந்து வயது ஆள், கையில் கயிறு அறுத்த காயம் ஆறவில்லை. எச்சரிக்கை வந்தது தெரியுமா என்று கேட்டார்கள்.

"ஒண்ணு மின்னிச்சு சார். நிமிசத்துக்கு ஒருதரம் ஒண்ணு ஒண்ணா மின்னிச்சு. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு யாரோ சொல்லிக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சு. நம்பி நின்னேன்."

குழுவில் ஒருவர் சிரித்தார். "ஒண்ணுன்னா திரும்புன்னு கூட்டம் போட்டுச் சொல்லியிருக்காங்க. ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. இப்ப வந்து கதை சொல்லுதீரா?"

"எங்களுக்கு மிஸ்டு கால் மாதிரின்னுதான் சார் சொன்னாவ. எங்க மிஸ்டு கால்ல ஒண்ணுன்னா ஒண்ணுமில்ல."

தங்கையும் அதையே சொல்லுவாள் என்றான். குடும்பத்துக்குள் பேசி வைத்துக்கொண்ட பேச்சு என்று குழு நினைத்தது. வள்ளத்தில் இல்லாதவர் என்று ரோஸ்லினை உள்ளேயே கூப்பிடவில்லை. கறுப்புச் சேலையோடு வெளி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிரிந்தபோது நான் பின்வாசல் வழியாக இறங்கிப் போய் எதிர் ஓட்டலில் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்ததும் சட்டைப்பையில் போன் அடித்தது. இரண்டு ரிங். நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தேன். ரோஸ்லின் நம்பர்.

அந்தக் கட்டடத்திலும் அந்த ஓட்டலிலும் அதற்கு அர்த்தம் தெரிந்த வெளியாள் நான் ஒருவன்தான். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் என்னைக் கூப்பிட்டார்கள். "இந்த மாதிரி ரிங் பழக்கம் இவங்ககிட்ட இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது சார்."

ஏன் சொன்னேன் என்று பலவிதமாக எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் திட்டத்தையே மூடிவிடுவார்கள், மற்றப் படகுகளுக்கு எச்சரிக்கையே இல்லாமல் போகும் என்று ஒரு காரணம். சிவசைலம் சாருக்குச் சிக்கல் வரும் என்று இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் இருந்தது பயம்தான். ஆளைக் கொன்ற குறியை வைத்தவன் என்று என் பேர் ஃபைலில் ஏறும் என்ற பயம். அதனால் மிக்கேல் பேர் ஏறியது. "எச்சரிக்கை சேர்ந்தும், பொறுப்பில் இருந்தவர் மதிக்கவில்லை" என்று குழு எழுதியது.

ஓஸ் பிடிப்பவன் கையில் இன்னொருவன் மூச்சு இருக்கிறது. எச்சரிக்கையை மதிக்காதவன் என்று எழுத்தில் வந்துவிட்ட ஆளை யார் ஓஸ் பிடிக்கக் கூப்பிடுவார்கள்? கொஞ்ச நாள் உப்பளத்தில் மூட்டை தூக்கினான் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஊரிலேயே இல்லை என்றார்கள்.

விசாரணை முடிந்த இரண்டு மாதத்தில் குறியை மாற்றினோம். திரும்பு என்றால் விடாமல் மின்னிக்கொண்டே இருக்கும்படி வைத்தோம். மேம்பாடு என்று பேர் போட்டோம். அந்த வேலைக்காகப் பழைய ஃபைலை எடுத்தபோது என் தாளின் ஓரத்தைத் தேடிப் பார்த்தேன். "பெட்டிக்கா, ஆளுக்கா?" அங்கே இல்லை. ரப்பரால் சுத்தமாக அழித்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய பள்ளம் மட்டும் தெரிந்தது. சிவசைலம் சார் ஏன் பேனா வைத்துக்கொள்வதில்லை என்று நான் அதுவரை யோசித்ததில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டார். மூன்றாவதைக் கேட்கவே இல்லை. நான் ஓய்வு பெறும் முன்பே அவர் ஓய்வு பெற்றார், போன வருடம் காலமாகிவிட்டார்.

இத்தனையும் எழுதி முடித்த பிறகு, அனுப்புவதற்கு முன்னால் ஒருவரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. முந்தாநாள் காலை டவுன் பஸ் ஏறித் திரேஸ்புரம் போனேன்.

ரோஸ்லின் இப்போது இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தார். கோயிலுக்குப் போய்வந்த சேலையை இன்னும் மாற்றவில்லை. என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மிக்கேலைப் பற்றிக் கேட்டேன்.

"அண்ணன் கொல்லம் பக்கம் இருக்கு சார். கடலுக்குப் போகல, கரையில வலை தூக்குற வேலை. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம கோயில் முடிஞ்சதும் ஒரு ரிங்கு விடும். ஒண்ணே ஒண்ணு. நான் எடுத்தாலும் பேசாது."

தாள்களை எடுத்துப் படித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன், மிஸ்டு கால் மாதிரி என்று சொன்னதைப் படித்தேன், சிவசைலம் சாரிடம் ஒண்ணுமில்ல என்று சொன்னதைப் படித்தேன். அவர் கையில் முந்தானை நுனியைச் சுற்றிக்கொண்டே கேட்டார். இரண்டு ரிங் வந்த இடம் நெருங்கியபோது என்னால் படிக்க முடியவில்லை. தாளை மடியில் வைத்துவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கு அப்பவே தெரியும் சார். நான்தான உங்ககிட்டச் சொன்னேன்" என்றார். "சங்கத்துல சொன்னேன். பொம்பள பேச்சுன்னுட்டாவ. சரி, அந்த சார் படிச்சவுக, அவுகளே சொல்லிருவாவன்னு வராந்தாவுல இருந்தேன். மத்தியானம் ஆயிருச்சு. மனசு கேக்காம உங்களுக்கு ரெண்டு ரிங்கு விட்டேன்."

நான் மடியிலிருந்த தாள்களை மடித்தேன்.

"நீங்க வரல. அன்னைக்கு டவர் கிடைக்கலையோ, உங்களுக்கு வந்து சேரலையோன்னு நெனச்சுக்கிட்டேன். இத்தன வருசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன் சார்."

என் வேலைக்காலம் முழுவதும் யார் என்ன புகார் சொன்னாலும் டவர் பக்கம் தப்பில்லை என்று நிரூபித்தே பழகியவன் நான். இந்த ஒரு தடவை மட்டும், டவர் கிடைக்கவில்லை என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவரும் நம்பியிருப்பார்.

"இல்லம்மா" என்றேன். "சேர்ந்துது."